மெமரி கார்டு வாங்கப் போறீங்களா? பெரிய எண்ணைப் பார்த்து ஏமாறாதீங்க!

2023 ஆகஸ்ட் 5. தூத்துக்குடி பனிமய மாதா பேராலயத்தின் தங்கத்தேர், பத்து ஆண்டு இடைவெளிக்குப் பிறகு வீதியில் வலம் வந்தது. இப்படிப்பட்ட நாளில் கேமராவோடு நிற்பவருக்கு இரண்டாவது வாய்ப்பு கிடையாது. தேர் அசைந்து வரும் நேரம் பார்த்து வீடியோ பதிவு தானாக நின்றுவிட்டால் என்ன செய்வது?

பல நேரங்களில் இதற்குக் காரணம் கேமரா அல்ல, உள்ளே இருக்கும் மெமரி கார்டுதான். கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடை என எதைப் படம்பிடிக்கக் கிளம்பினாலும், கார்டு வாங்கும்போது கவனிக்க வேண்டிய விஷயங்கள் இவை.

வேகம்: சின்ன எழுத்தைப் பாருங்கள்

கார்டின் மேல் 170, 200 எனப் பெரிதாக அச்சிட்டிருப்பது பெரும்பாலும் படிக்கும் வேகம். அதாவது, கார்டிலிருந்து கம்ப்யூட்டருக்குப் படங்களை மாற்றும் வேகம். படம்பிடிக்கும்போது தேவைப்படுவது எழுதும் வேகம். அதைச் சின்னக் குறிகள்தான் சொல்லும்.

'சி' எழுத்துக்குள் 10, 'யு' எழுத்துக்குள் 1 என்று இருந்தால் நொடிக்குக் குறைந்தது 10 எம்பி எழுதும். 'யு'வுக்குள் 3 அல்லது வி30 என்றால் 30 எம்பி. வி60, வி90 என்றால் முறையே 60, 90 எம்பி.

பல கேமராக்களில் 4கே வீடியோ நொடிக்கு 100 மெகாபிட் அளவில் பதிவாகிறது. 8 பிட் சேர்ந்தது ஒரு பைட். எனவே, நொடிக்கு 12.5 எம்பி தேவை. இதற்கு சி10 உத்தரவாதம் தராது, வி30 தாராளம். 400 மெகாபிட்டில் பதிவு செய்யும் கேமரா என்றால் 50 எம்பி தேவைப்படும். அதற்கு வி60 வாங்க வேண்டும்.

கேமரா ஏற்றுக்கொள்ளுமா?

எஸ்.டி.ஹெச்.சி கார்டுகள் 32 ஜிபி வரைதான். அதற்கு மேல் 2 டிபி வரை எஸ்.டி.எக்ஸ்.சி. பழைய கேமராக்கள் சிலவற்றில் எஸ்.டி.எக்ஸ்.சி வேலை செய்யாது. வாங்கும் முன் கேமராவின் கையேட்டைப் பாருங்கள். பின்பக்கம் இரண்டு வரிசைப் பித்தளை நிறத் தகடுகள் உள்ள யு.ஹெச்.எஸ்-2 கார்டுக்கு விலை அதிகம். அதற்கேற்ற கேமரா இல்லையென்றால், அந்த வேகம் கிடைக்காது, பணம்தான் வீண்.

ஒன்றா, இரண்டா?

128 ஜிபி கார்டு ஒன்றைவிட, 64 ஜிபி கார்டு இரண்டு நல்லது. 100 மெகாபிட் 4கே வீடியோ 64 ஜிபியில் சுமார் 80 நிமிடம் பிடிக்கும். ஒரு கார்டு பழுதானாலும் பாதி நிகழ்ச்சியாவது மிஞ்சும். இரண்டு கார்டு போடும் வசதியுள்ள கேமராவில், ஒரே படம் இரண்டிலும் பதிவாகும்படி அமைத்துக்கொள்ளலாம்.

போலியைக் கண்டுபிடிப்பது எப்படி?

சிப்பி பெரிதாக இருந்தால் உள்ளே முத்து இருந்தே ஆக வேண்டும் என்றில்லை. முத்துக்குளித்த ஊருக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. போலி கார்டும் அப்படித்தான். 128 ஜிபி என்று கேமராவுக்கே பொய்க் கணக்குக் காட்டும். உள்ளே இருப்பது 16 ஜிபியாக இருக்கலாம். அது நிறைந்த பிறகு எடுக்கும் படங்கள் பதிவானதுபோலத் தெரியும், திறந்தால் இருக்காது.

விலை சந்தேகப்படும் அளவுக்குக் குறைவாக இருந்தால் ஒதுங்கிவிடுங்கள். பில்லோடு வாங்குங்கள். எஃப்3, ஹெச்2டெஸ்ட்டபிள்யூ போன்ற இலவச மென்பொருள்கள் கார்டு முழுவதும் எழுதிப் பார்த்து உண்மையான அளவைச் சொல்லிவிடும். விசேஷத்துக்கு முதல் நாள் அல்ல, வாங்கிய அன்றே சோதியுங்கள். பிறகு கேமராவிலேயே ஃபார்மட் செய்யுங்கள்.

கார்டு பீரோ அல்ல!

தவறுதலாகப் படங்களை அழித்துவிட்டால், அந்தக் கார்டில் மேற்கொண்டு எதையும் எடுக்காதீர்கள். மீட்பு மென்பொருளால் திரும்பப் பெற வாய்ப்பு இருக்கிறது.

அதைவிட முக்கியம், நகல். தங்கத்தேர் ஓடிய அதே 2023-ல், டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. தூத்துக்குடி மாவட்டத்தில் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. ஆல்பமும் கார்டும் ஹார்டு டிஸ்க்கும் ஒரே பீரோவில் இருந்தால், எல்லாமே ஒன்றாகத்தான் நனையும். விசேஷம் முடிந்த அன்று இரவே படங்களை இரண்டு இடங்களுக்கு மாற்றுங்கள். அதில் ஒன்று வெளியூரில் இருக்கும் பிள்ளையின் வீடாகவோ, இணையச் சேமிப்பாகவோ இருக்கட்டும். அதன் பிறகு கார்டை அழித்தால் போதும்.