தேனீயின் பிசின் எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளுமா?

கூட்டில் விரிசல் விழுந்தால் தேனீ என்ன செய்யும் தெரியுமா? மர மொட்டிலும் பட்டையிலும் கசியும் பிசினைச் சுரண்டி வந்து, மெழுகோடு குழைத்துப் பூசி அடைத்துவிடும். எலி புகுந்து செத்தால், வெளியே இழுத்துப் போட முடியாது; அதன் மேலும் பிசினைப் பூசிவிடும். அழுகாது, நாறாது! கிருமியை அடக்கும் இதற்குத்தான் 'புரோபோலிஸ்' என்று பெயர்.

நம் நாட்டு அடுக்குத் தேனீ இதைச் சேர்ப்பதில்லை. இத்தாலியத் தேனீயும், சுவர்ப் பொந்தில் வாழும் கொசுத் தேனீயும் சேர்க்கும்.

பிசின் புண்ணை ஆற்றும் என்பது சித்த வைத்தியத்துக்குப் புதிதல்ல. நம் குங்கிலிய வெண்ணெயில் சேரும் குங்கிலியமும் மரப் பிசின்தான்.

'இயற்கைதானே, என்ன செய்துவிடும்?' என்று மட்டும் இருந்துவிடாதீர்கள். உதட்டு வெடிப்புக்குப் புரோபோலிஸ் களிம்பு தடவிய ஓர் அம்மா, உதடு வீங்கி, அரிப்போடு என்னிடம் வந்தார். களிம்பை நிறுத்திய பிறகுதான் குணமானது.

ஆஸ்துமா, தோல் அலர்ஜி உள்ளவர்களும், தேனீ கொட்டினால் உடம்பெல்லாம் தடிக்கிறவர்களும் இதைத் தொடவே வேண்டாம். மற்றவர்கள், முழங்கையின் உள்மடிப்பில் காலை, மாலை ஒரு வாரம் துளி தடவிப் பாருங்கள். அரித்தால் விட்டுவிடுங்கள். மூச்சுத் திணறினால் கை வைத்தியம் கூடாது; உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.