மணம் மனத்தைத் தொடும் வழி

கொத்தமல்லி விதையை இடிக்கும்போது எழும் வாசத்திலும், மதுரை மல்லிகையிலும், பிரான்சின் லாவெண்டர் வயல்களிலும் பொதுவாக ஒரு பொருள் இருக்கிறது. அதன் பெயர் லினலூல். கொத்தமல்லி விதையிலிருந்து வடிக்கும் எண்ணெயில் பாதிக்கு மேல் இதுதான். சென்ட் பாட்டில்களைத் திருப்பிப் பார்த்தால், பலவற்றின் உட்பொருள் பட்டியலில் இந்தப் பெயர் அச்சாகியிருக்கும்.

லாவெண்டர் மணம் பதற்றத்தைத் தணிக்கும் என்பது பழைய நம்பிக்கை. ஜப்பானின் ககோஷிமா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதைச் சுண்டெலிகளிடம் சோதித்து 2018இல் முடிவை வெளியிட்டார்கள். லினலூல் ஆவியை முகர்ந்த எலிகளின் பதற்றம் குறைந்தது, நடை தள்ளாடவில்லை. மோப்பத் திறன் இழந்த எலிகளிடமோ எந்த மாற்றமும் இல்லை. ஆவி நுரையீரல் வழியே ரத்தத்தில் கலந்து வேலை செய்திருந்தால் அவையும் அமைதியாகியிருக்க வேண்டுமே! அடுத்த சோதனை இன்னும் நுட்பமானது. பதற்றம் தணிக்கும் சில மாத்திரைகளின் விளைவை முறிக்கும் ஃப்ளூமாசெனில் மருந்தைக் கொடுத்த எலிகளிடமும் லினலூல் பலிக்கவில்லை. அந்த மாத்திரைகள் பற்றிக்கொள்ளும், மூளையிலுள்ள 'காபா' ஏற்பிகள் மணத்தின் விளைவிலும் பங்கேற்கின்றன என்பதை அது காட்டியது.

மணம் இப்படி மனத்தைத் தொட மூளையின் அமைப்பே இடம் தருகிறது. மனித மூக்கின் உள்ளே மேற்பகுதியில் சுமார் 400 வகை மண ஏற்பிகள் இருக்கின்றன. இந்த ஏற்பிகளின் மரபணுக் குடும்பத்தை 1991இல் கண்டறிந்த லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்ஸல் இருவரும் 2004இல் நோபல் பரிசு பெற்றார்கள். கண்ணும் காதும் அனுப்பும் செய்திகள் தலாமஸ் வழியாகத்தான் பெருமூளைப் புறணிக்குப் போகின்றன. மணத்தின் செய்திக்கு அந்த இடைநிறுத்தம் தேவையில்லை. அது மூக்கிலிருந்து வரும் செய்தியை முதலில் பெறும் முகர்குமிழிலிருந்து நேரே, அச்சம் போன்ற உணர்ச்சிகளைக் கையாளும் அமிக்டலாவைச் சென்று சேரும். நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகேம்பஸ் அதன் பக்கத்திலேயே இருக்கிறது.

அதனால், மூலக்கூறு பாதி வேலையைச் செய்தால் முகர்பவரின் அனுபவம் மீதியைச் செய்கிறது. கிராம்பின் மணத்துக்குக் காரணமான யூஜெனால் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பிரியாணியில் நாவூற வைக்கும் இதே பொருளைப் பல் மருத்துவர்கள் சிமென்ட்டில் கலந்து பயன்படுத்துகிறார்கள். பிரான்சில் 1990களின் இறுதியில் நடந்த ஓர் ஆய்வில், பல் சிகிச்சையைக் கண்டு அஞ்சுபவர்கள் யூஜெனாலை முகர்ந்தபோது அவர்களின் உடலில் அச்சத்தின் அறிகுறிகள் பதிவாயின. அஞ்சாதவர்களுக்கு அது இனிய மணமாகவே இருந்தது.

அந்த அச்சத்தை வேறொரு மணத்தால் தணிக்க முடியுமா? ஆஸ்திரியாவில் ஒரு பல் சிகிச்சை நிலையத்தின் காத்திருப்பு அறையில் ஆரஞ்சு, லாவெண்டர் மணங்களைப் பரப்பிப் பார்த்தார்கள். 2005இல் வெளியான முடிவுப்படி, மணமில்லாத அறையில் இருந்தவர்களைவிட அங்கே காத்திருந்தவர்களின் பதற்றம் குறைவாகவும் மனநிலை மேம்பட்டும் இருந்தன.