கோளா, முறையீடா?

தொடக்கப் பள்ளி ஆசிரியர் ஒரு நாளில் அதிகமாகக் கேட்பது, “சார், இவன் என்னை அடிக்கிறான்” என்பதாகத்தான் இருக்கும். “கோள் சொல்லாதே, போய் உட்கார்” என்பதோடு விவகாரம் முடிந்துவிடுவதும் உண்டு. நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவர்தான் என்ன செய்வார்!

பம்பரத்துக்காகச் சமபலமுள்ள இருவர் கட்டிப் புரள்வது சண்டை. வலியவன் ஒருவனோ ஒரு கூட்டமோ, எளியவன் ஒருவனையே குறிவைத்துத் திரும்பத் திரும்பத் துன்புறுத்துவது கொடுமை. இவ்வேறுபாட்டைத் தெளிவாக வரையறுத்தவர் டான் ஒல்வேயஸ் என்னும் உளவியல் அறிஞர். நார்வேயில் 1982-இன் இறுதியில் மூன்று சிறுவர்கள் தற்கொலை செய்துகொண்டதையடுத்து, 1983-இல் நாடு முழுவதும் பள்ளிகளில் தடுப்பு இயக்கம் தொடங்கிற்று. பெர்கன் நகரில் சுமார் 2,500 மாணவரிடையே ஒல்வேயஸ் நடத்திய ஆய்வில், கொடுமை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது.

சண்டைக்கான மருந்து கொடுமைக்குப் பயன்படாது. இருவரையும் எதிரெதிரே நிறுத்தி விசாரித்து, “கை குலுக்குங்கள்” என்கிறோம். அடித்தவன் முறைத்துக்கொண்டு நிற்கையில் அடிபட்டவன் உண்மை பேசுவானா? பொன்மலை ரயில்வே காலனி போன்றதோர் இடத்தை எண்ணிப் பாருங்கள். ஒரே பணிமனையில் வேலை செய்வோரின் பிள்ளைகள் அக்கம்பக்கத்தில் வளர்கிறார்கள். காலையில் புகார் சொன்னவன், மாலையில் அதே பையனுடன் அதே தெருவில்தான் விளையாட வேண்டும்.

பழிவாங்கல் வெறும் கற்பனை அன்று. 2023 ஆகஸ்டில், உடன் படித்தோரின் தொல்லையைப் பள்ளியில் எடுத்துச் சொன்ன பட்டியலின மாணவர் ஒருவர், நாங்குநேரியில் தம் வீட்டிலேயே வெட்டப்பட்டார். அவர் தங்கையும் காயமுற்றார். அவர் பன்னிரண்டாம் வகுப்பு. அங்கே சாதியும் கலந்திருந்தது. ஆனால் முறையிட்டவரைக் காக்கும் கடமை எந்த வகுப்பிலும் ஒன்றே.

ஆகவே தனித்தனியே விசாரிக்க வேண்டும். யார் சொன்னது என்பதை வெளியிடலாகாது. வேடிக்கை பார்த்தவர்களையும் கேட்க வேண்டும். கனடாவின் டொரண்டோ நகர ஆய்வாளர்கள் விளையாட்டுத் திடலை ஒளிப்பதிவு செய்தபோது, பெரும்பாலான கொடுமைகளில் மற்றப் பிள்ளைகள் சுற்றி நின்றதைக் கண்டனர். ஐந்தில் ஒரு முறைகூட அவர்கள் குறுக்கிடவில்லை. குறுக்கிட்டபோதோ, பாதிக்கு மேற்பட்ட தடவைகளில் பத்தே வினாடிகளில் அது நின்றுவிட்டது!

தமிழகப் பள்ளிகளில் ‘மாணவர் மனசு’ பெட்டி உண்டு. 14417 என்ற தொலைபேசி எண்ணும் உண்டு. எழுதப் பழகாத இரண்டாம் வகுப்புக் குழந்தைக்குப் பெட்டி உதவாது. அதற்கு ஆசிரியரின் செவிதான் பெட்டி. ஒரு வாரம் கழித்து, யாரும் அறியாமல் அதை அழைத்து, “இப்போது எப்படியிருக்கிறது?” என்று அவர் மறுபடி கேட்க வேண்டும்.