மரத்தரையின் ஓரத்தில் 12 மில்லிமீட்டர்

மரத்தரை போடுகிறவர்கள் பலகையின் நிறத்துக்காகப் பத்துக் கடை ஏறி இறங்குவார்கள். ஸ்கர்ட்டிங்கை மட்டும் "நீங்களே ஏதாவது போட்டுடுங்க" என்று கார்பெண்டரிடம் விட்டுவிடுவார்கள். தரை தூக்கிக்கொண்டு நிற்கும் வீடுகளில் நான் முதலில் பார்ப்பது இந்த ஓரத்தைத்தான்.

காரணம் எளிது. அறுத்து, பாலிஷ் போட்ட பிறகும் மரம் காற்றின் ஈரத்தை உறிஞ்சும், விடும். ஐப்பசி மழையில் கதவு நிலையோடு பிடித்துக்கொள்வது இதனால்தான். நீளவாக்கில் மரம் அநேகமாக மாறாது, அகலவாக்கில்தான் விரியும். மரத்தின் ஈரப்பதம் 1 சதவீதம் கூடினால், 3 மீட்டர் அகலத்துக்குப் பரப்பிய தேக்குப் பலகைகள், அறுத்த விதத்தைப் பொறுத்து, மொத்தமாக 3 முதல் 5.5 மி.மீ. வரை விரியப் பார்க்கும். ஓக் இன்னும் அதிகம். எஞ்சினியர்டு பலகையில் அடுக்குகள் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டியிருப்பதால் அசைவு குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. லேமினேட்டோ நீளவாக்கிலும் விரியும்.

விரிகிற தரைக்குப் போக இடம் வேண்டும். அதற்குத்தான் சுவரைச் சுற்றி 10-12 மி.மீ. இடைவெளி விடுகிறார்கள். ஸ்கர்ட்டிங்கின் வேலை அந்த இடைவெளியை மூடுவது, அடைப்பது அல்ல. இதைப் புரிந்துகொண்டால் பாதித் தேர்வு முடிந்தது.

முதலில் கனம். இடைவெளி 12 மி.மீ. என்றால் ஸ்கர்ட்டிங் 15-18 மி.மீ. கனமாவது இருக்கணும். இல்லாவிட்டால் கோடையில் தரை சுருங்கும்போது கறுப்புக் கோடு தெரியும். அடுத்து, ஆணியோ பசையோ சுவரில்தான் பிடிக்கணும், பலகையில் கூடாது.

நம்ம ஊர் ஃப்ளாட்டில் ஒரு சிக்கல் உண்டு. ஏற்கெனவே டைல்ஸும் 3-4 அங்குல டைல் ஸ்கர்ட்டிங்கும் இருக்கும். அதன்மேலேயே பலகை வரும். பலகையை டைலோடு முட்டவிட்டு மேலே சிலிக்கான் இழுத்துவிடுவது சுலபம், பார்க்கவும் சுத்தமா இருக்கும். ஆனால் அது இடைவெளியே இல்லாத தரை. சரியான வழி இரண்டு: பழைய டைல் ஸ்கர்ட்டிங்கைப் பெயர்த்துப் பூசிவிட்டுப் புதியது அடிப்பது, அல்லது இடைவெளி விட்டு, அதன்மேல் கால்வட்டப் பட்டியை டைல் பக்கம் மட்டும் ஒட்டுவது. முதலாவது தூசி, செலவு. இரண்டாவது போதும் என்பது என் கட்சி.

வாசல்களுக்கு வேறு பட்டி. இரண்டு பக்கமும் ஒரே மட்டம் என்றால் டி வடிவப் பட்டி. அந்தப் பக்கம் டைல்ஸ் தாழ்வாக இருந்தால் சரிவான ரெட்யூசர். பால்கனிக் கண்ணாடிக் கதவோரத்தில் எண்ட் ப்ரொஃபைல். எதுவானாலும் அடியிலுள்ள தரையில்தான் திருகணும். மரநிலை வரும் இடத்தில் பட்டியே வேண்டாம். நிலையின் அடியைப் பலகை கனத்துக்கு அறுத்து, பலகையை உள்ளே செருகினால் போதும். அங்கேயும் உள்ளுக்குள் இடைவெளி இருக்கணும்.

எந்தப் பொருள்? எம்.டி.எஃப். மலிவு, பெயின்ட் அழகா ஏறும். ஆனால் தினமும் ஈரத்துணி போட்டுத் துடைக்கும் வீட்டில் அடிப்பக்கம் ஊதிவிடும். பி.வி.சி. தண்ணீருக்கு அசராது. நிஜ மரம் தேய்த்துப் புதுப்பிக்கலாம். கரையானுக்கு மருந்து அடித்ததா என்று கேட்டு வாங்குங்கள். வாசலுக்கு அலுமினியம்தான் மிதி தாங்கும்.

நண்பர் ஒருவர் வீட்டில் முதல் மழைக்காலத்திலேயே ஹால் நடுவில் தரை எழும்பியது. பலகை மட்டம், முழுக்க மாத்தணும் என்றார் போட்டவர். ஸ்கர்ட்டிங்கைக் கழற்றிப் பார்த்தால் ஒரு பக்கம் முழுக்கப் பலகை சுவரில் முட்டிக்கொண்டிருந்தது. அந்த ஓரத்தை மட்டும் சீவினார்கள். சில நாளில் தரை படிந்துவிட்டது. பலகை ஒன்றுகூட மாற்றவில்லை.

ஆகவே, ஸ்கர்ட்டிங் அடிப்பதற்கு முன் ஒரு 12 மி.மீ. ப்ளைவுட் துண்டை எடுத்துச் சுவரோரமாக அறையைச் சுற்றி வாருங்கள். எங்கே அது இறங்கவில்லையோ, அங்கே வேலை பாக்கி. மூடிய பிறகு யார் கண்ணுக்கும் தெரியாது.