மாந்தையைத் தோண்டிய ஹோகார்ட்

இலங்கையில் வங்காலைக்கு வடக்கே, திருக்கேதீச்சரத்தைச் சூழ்ந்து கிடக்கும் மாந்தையின் புராதன மேட்டில் 1920களில் அகழாய்வு நடத்திய ஆர்தர் மாரிஸ் ஹோகார்ட், 1908இல் ரிவர்ஸ் என்னும் அறிஞருடன் பசிபிக் சமுத்திரத்துச் சொலமன் தீவுகளுக்குச் சென்று அம்மக்களின் ஆசாரங்களை ஆராய்ந்தவர். பின்னர் பிஜியின் லகெம்பாத் தீவில் பாடசாலைத் தலைமையாசிரியராய் இருந்துகொண்டே அவ்வூர்ச் சடங்குகளைக் குறித்துவைத்தவர். 1921இல் இலங்கைத் தொல்பொருள் ஆணையாளராகி 1929 வரை அப்பதவியை வகித்தவர்.

மண்ணுள் கிடைத்த ஓட்டுத் துண்டுகளைக் காட்டிலும் உயிரோடிருக்கும் மனிதரின் கிரியைகளிலேயே அவர் மனம் அதிகம் லயித்தது போலும். பிஜியத் தலைவனுக்குப் பட்டம் கட்டும் சடங்கையும் வைதிக ராஜாபிஷேகத்தையும் ஒருங்கே வைத்து நோக்கிய ‘கிங்ஷிப்’ என்னும் அவரது நூல், அவர் இலங்கையில் உத்தியோகத்தில் இருந்தபோதே, 1927இல் வெளிவந்தது. 1934இல் கெய்ரோவில் சமூகவியல் பேராசிரியராகி, 1939இல் அந்நகரிலேயே காலமானார்.

1980இல் தொல்லியலாளர் ஜான் கார்ஸ்வெல் குழுவினர் மாந்தை மேட்டை மீண்டும் தோண்டி, சீனப் பீங்கானையும் மேற்காசிய மட்கலங்களையும் வெளிக்கொணர்ந்தனர். 1984இல் அப்பணி உள்நாட்டு யுத்தத்தால் நின்றது.