பல்வலிக்கு மெடிக்கலில் மாத்திரையா?

சென்ற வாரம் வந்தவருக்கு நாற்பது வயதிருக்கும். தாடைக்கு அடியில் கழுத்து பலகைபோல் இறுகியிருந்தது. நாக்கு மேலே தூக்கிக்கொண்டதால் எச்சிலை விழுங்க முடியவில்லை. துண்டால் துடைத்தபடியே இருந்தார். கீழ்க் கடைவாயில் ஒரு சொத்தைப்பல். ஆறு நாளாக மெடிக்கலில் வாங்கிய மாத்திரையும் தவிட்டு ஒத்தடமும்தான் வைத்தியம். "பல்வலிதானே டாக்டர்" என்றார் அவர் மனைவி. மூச்சுக்குழல் அடைபடும் நிலை அது. பெரிய மருத்துவமனையில் அன்றே கீறிச் சீழ் எடுத்ததால் பிழைத்தார்.

மாதம் தவறாமல் இப்படி ஒருவர் வந்துவிடுகிறார்.

மாத்திரை ஏன் போதாது?

சொத்தை ஆழமாகிப் பல்லின் உயிர்ச்சதை செத்துவிட்டால் அங்கே ரத்த ஓட்டம் கிடையாது. மருந்து எந்த வழியாகப் போகும்? வீக்கம் வடியும், கிருமி வேருக்குள்ளேயே இருக்கும். ஆன்டிபயாடிக்கை மூன்று மாத்திரையோடு நிறுத்தினால், பிழைத்த கிருமிகள் அந்த மருந்துக்கே அடங்காதவையாக மாறலாம். போன தடவை எழுதிய சீட்டைக் காட்டி மறுபடி வாங்காதீர்கள். பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்ட மாத்திரை உங்களுக்கானது அல்ல.

காதில் விழும் கதைகள்

ஈறில் ரத்தம் வந்தால் துலக்கக் கூடாது என்கிறார்கள். ஈறு ஓரத்தில் கிருமிப் படலம் தங்குவதால்தான் ரத்தமே வருகிறது. துலக்காமல் விட்டால் படலம் இறுகிக் காரையாகும். 'கிளீன் பண்ணினால் பல் ஆடும்' என்பது அடுத்த கதை. எலும்பு முன்பே கரைந்திருக்கும், காரை முட்டுக்கொடுத்து மறைத்திருக்கும்; எடுத்ததும் உண்மை தெரிகிறது. மேல்பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போகாது. போகவே போகாது.

கிராம்பு எண்ணெயைப் பஞ்சில் நனைத்து இரவெல்லாம் வைத்து, ஈறு வெந்து வெளுத்துப்போய் வருகிறார்கள். செங்கல் தூளும் கரித்தூளும் எனாமலைத் தேய்க்கின்றன. புகையிலையை அடக்குபவர்களிடம் என்ன சொல்வது? வலியை மரக்கவைத்துப் புற்றுநோயை அழைக்கிறீர்கள்.

கிருமிநாசினி மவுத்வாஷை வருடக்கணக்கில் கொப்பளிப்பதும் தவறு. வாயில் 700 வகைக்கு மேல் பாக்டீரியாக்கள் கண்டறியப்பட்டிருக்கின்றன. எல்லாம் எதிரிகள் அல்ல. கீரையிலுள்ள நைட்ரேட்டை, ரத்தக் குழாய்களைத் தளர்த்தும் பொருளாக உடல் மாற்றுவதற்கு முதல் கை கொடுப்பவை நாக்கில் வாழும் பாக்டீரியாக்கள்தான்.

வாயோடு நிற்பதில்லை

ஈறு நோய் முற்றினால் சர்க்கரை கட்டுக்கு வருவது கடினம். சர்க்கரை ஏறினால் ஈறு நோய் முற்றும். இதய வால்வு பழுதானவர்கள், செயற்கை வால்வு வைத்தவர்கள் பல் பிடுங்கும் முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். வாய்க் கிருமி ரத்தத்தில் கலந்து வால்வில் ஒட்டிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து.

தயவுசெய்து

இரவு துலக்கிவிட்டுப் படுங்கள். தூக்கத்தில் எச்சில் குறையும், ஒட்டியிருக்கும் இனிப்பைக் கிருமிகள் அமிலமாக்கும், பல் கரையும். பால் புட்டியை வாயில் வைத்தபடி குழந்தையைத் தூங்கவிடாதீர்கள். சொத்தை சின்னதாக இருக்கும்போதே வாருங்கள், அடைத்து அனுப்பிவிடுகிறோம். கன்னம் வீங்கி வாய் திறக்க முடியாமலோ, எச்சில் விழுங்க முடியாமலோ போனால், விடியட்டும் என்று இருக்காதீர்கள். அந்த இரவே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.