தினையும் மண்டையோடும்: பேராசிரியர் டீடமன்

அளவை பொய்யாது என்பர். ஆயின், அளப்பவர் எவ்வினாவுக்கு விடை தேடி அளக்கின்றார் என்பதையும் நாம் நோக்குதல் வேண்டும். இவ்வுண்மைக்குச் சிறந்த சான்றாக விளங்குபவர், பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஜேர்மானிய உடற்கூற்று அறிஞரும் மானிடவியல் ஆய்வாளருமாகிய பிரீட்றிக் டீடமன் ஆவர்.

இவர் 1781ஆம் ஆண்டு காசல் நகரிற் பிறந்தார். தந்தையார் மெய்யியற் பேராசிரியர். அவர் தம் மைந்தனின் மனவளர்ச்சியைக் குழவிப் பருவந்தொட்டு உற்றுநோக்கி எழுதிய குறிப்புகளை 1787இல் வெளியிட்டார். குழந்தை உளவியலின் முன்னோடி ஆக்கங்களுள் ஒன்றாக அவை போற்றப்படுகின்றன. இவ்வாறு ஆராயப்பட்ட குழந்தையே பின்னர் பேராராய்ச்சியாளராக உயர்ந்தது. மார்பேர்க்கில் மருத்துவம் பயின்ற டீடமன், 1816 முதல் ஹைடல்பேர்க் பல்கலைக்கழகத்திற் பேராசிரியராக விளங்கினார். கருவிலிருக்கும் சிசுவின் மூளை படிப்படியாக உருப்பெறும் முறையை ஆராய்ந்து நூல் செய்தார். இரசாயன அறிஞர் கிமெலினுடன் சேர்ந்து சமிபாட்டைப் பற்றி அரிய பரிசோதனைகளை நிகழ்த்தினார்.

எனினும், அவர் பெயரை மானிடவியலில் நிலைநிறுத்தியது 1836இல் இலண்டன் உரோயல் சங்கத்தின் வெளியீட்டில் வந்த ஒரு கட்டுரையே. பிரித்தானியப் பாராளுமன்றம் அடிமை ஒழிப்புச் சட்டத்தை நிறைவேற்றியது 1833இல். அமெரிக்காவிலோ அடிமை முறை வேரூன்றி நின்றது. ஆபிரிக்கரின் மூளை சிறியது, குரங்கினத்தின் மூளையை ஒத்தது என்னும் கூற்று, அம்முறையை ஆதரித்தோர்க்கு அரணாயிற்று. புகழ்பெற்ற அறிஞர் சிலரும் அதற்கு இடங்கொடுத்தனர்.

டீடமன் பிறர் கூற்றை அப்படியே ஏற்றாரல்லர். தாமே அளக்கத் துணிந்தார். மண்டையோட்டை முதலில் வெறுமையாக நிறுத்தார். பின், அதன் அடியிலுள்ள பெருந்துளை வழியாக உலர்ந்த தினையை நிரப்பி மீண்டும் நிறுத்தார். இரு நிறைகளின் வேறுபாடு மூளை இருந்த இடத்தின் அளவைக் காட்டிற்று. பல இனத்தவரின் மண்டையோடுகளை இவ்வாறு அளந்ததோடு, மூளைகளையும் நேரே ஒப்பிட்டார். எல்லா இனத்தவரிடையும் பெரியனவும் உள, சிறியனவும் உள. ஆபிரிக்கரின் அளவுகள் ஐரோப்பியரின் அளவுகளோடு ஒன்றிக் கலந்தே நிற்கின்றன எனக் கண்டார். ஆதலின், அவரைத் தாழ்ந்தோர் என்றற்கு மூளையில் ஆதாரம் இல்லை என முடிவு கூறினார்.

1839இல் அமெரிக்க மருத்துவர் மோட்டன் தம் பெருநூலை வெளியிட்டார். அவரும் முதலில் விதைகளைக் கொண்டே அளந்தார். ஆயினும் இனங்களை உயர்வு தாழ்வாக வரிசைப்படுத்தினார். இருவர் தந்த எண்களும் பெரிதும் ஒத்தனவே என 2018இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டிற்று. மோட்டன் சராசரிகளை மட்டும் ஒப்பிட்டார். டீடமன் அளவுகளின் முழு வீச்சையும் நோக்கினார். எண்கள் ஒன்றாயினும் முடிவுகள் இரண்டாயின.

டீடமனும் தம் காலத்து மனிதரே. மூளையின் பருமனுக்கும் அறிவாற்றலுக்கும் நெருங்கிய தொடர்புண்டு என்றே அவரும் எண்ணினார். மண்டையோட்டின் கொள்ளளவைக் கொண்டு மக்களினத்தின் அறிவை அளத்தல் இயலாதென்பதை இன்று நாம் அறிவோம். எனினும், பெரும்பான்மையோர் கூற்றுக்கு மாறாகத் தாம் கண்டதைத் தயங்காது வெளியிட்ட நேர்மை என்றும் மதிக்கத்தக்கது.

அவர்தம் முதுமை துயர் மிக்கது. 1849ஆம் ஆண்டுப் பாடன் புரட்சியில் ஈடுபட்ட மைந்தர் ஒருவர் சுட்டுக்கொல்லப்பட்டார். அவ்வாண்டே பேராசிரியர் பதவியினின்று நீங்கிய டீடமன், 1861இல் மியூனிக் நகரில் மறைந்தார்.

விஞ்ஞானம் பயிலும் நம் மாணவர்க்கு இவர் வாழ்வு தரும் பாடம் ஒன்றுண்டு. தராசைச் செம்மை செய்தல் எளிது. அதனைப் பிடிக்கும் நெஞ்சைச் செம்மை செய்தலே அரிது. கல்வியின் பயன் அவ்விரண்டாவதே என்பது நம் துணிபு.